தொலைந்தவையும் தோன்றாதவையும்

செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன சீர் எதுவாக இருந்திருக்கும் என்று யோசிப்பது தமிழ் படித்தவர்களுக்குப் பழகிய வேலை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒளிபரப்பான ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடருக்காக அதே வேலையைச் சிலர் அதே சிரத்தையோடு செய்துவருகிறார்கள் என்று அறிந்தபோது நமக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சில மாதங்கள் அந்த ஆய்வுகளுக்குள் அலைந்துவிட்டு வந்த பின் சிரிப்பு போய்விட்டது.

தொடரின் பெயர் 'டாக்டர் ஹூ'. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. காலத்திலும் வெளியிலும் அலையும் ஒரு மர்ம மனிதர். அவருடைய ஊர்தி வெளியே பார்த்தால் நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி, உள்ளே போனால் பெருங்கூடம். 1989 வரை 26 பருவங்கள் ஓடி நின்று, 2005இல் மீண்டும் எழுந்த தொடர் இது. முதல் ஆறு ஆண்டுகளில், கறுப்பு வெள்ளைக் காலத்தில், 253 பகுதிகள் வந்தன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றின் எல்லாப் பிரதிகளும் பிபிசியின் கையைவிட்டுப் போயின. தீவிபத்தோ வெள்ளமோ காரணம் அன்று. அலுவலக முறைப்படி, உரிய அனுமதி பெற்று, அவர்களே அழித்தார்கள்.

காரணங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். இரண்டு அங்குல அகல வீடியோ நாடா அன்று விலை மிகுந்தது. அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதியலாம். நடிகர் சங்கத்துடன் இருந்த உடன்பாடு மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளை நாடகத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. வெளிநாட்டு விற்பனைக்காக 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்த பிரதிகள் இருந்தன. விற்பனை உரிமைக்காலம் முடிந்ததும், எழுபதுகளில், அவையும் குப்பைக்குப் போயின. படச்சுருளாகப் பிறந்தவற்றைக் காப்பதே தன் கடமை என்று படநூலகம் கருதியது. மூலம் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்று விற்பனைப் பிரிவு கருதியது. 1978இல்தான் இந்த அழிப்பு நின்றது.

இதைப் படித்துவிட்டு பிபிசியை ஏசுவது எளிது. நாமும் ஏசினோம், பிறகு நிறுத்திக்கொண்டோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு கல்லூரியில், நூலகத்தில் இடமில்லை என்று பழைய இதழ்க் கட்டுகளைக் கழிக்க ஒரு குழு அமைத்தார்கள். அக்குழுவில் நாமும் இருந்தோம். 'வேறு நூலகத்தில் கட்டாயம் இருக்கும்' என்று சொல்லியே பட்டியலில் கையெழுத்திட்டோம். கட்டுகள் எடைக்குப் போயின. சில ஆண்டுகள் கழித்து ஆய்வு மாணவி ஒருவர் அவற்றுள் ஓரிதழைத் தேடி நம்மிடமே வந்தார். இந்த நூலகத்தைப் பாருங்கள், அந்த நூலகத்தைப் பாருங்கள் என்று அவரை அனுப்பிக்கொண்டிருந்தோமே ஒழிய, கையெழுத்துப் போட்ட கதையைச் சொல்லவில்லை.

அழித்த பிறகும் மிஞ்சியவை எவை என்பதே இந்த ஆய்வின் சுவையான பகுதி. அவை மிஞ்சிய விதம் விசித்திரமானது. 'எதிர்கால ஆய்வாளருக்கு' என்று எவரும் பெரும்பாலும் சேர்த்துவைக்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் ஒலிவாங்கியை நிறுத்தி, வீட்டில் யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டு, சில இளைஞர்கள் ஒலியை மட்டும் நாடாவில் பதிந்தார்கள். மறுபடி கேட்கும் ஆசைதான் நோக்கம். படம் தொலைந்த பகுதிகள் அனைத்துக்கும் ஒலி இன்று கிடைப்பது அவர்களால்தான். ஜான் குரா என்பவர் தொலைக்காட்சித் திரையையே புகைப்படம் எடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் நினைவுப்படங்களாக விற்றுவந்தார். அது அவர் பிழைப்பு. அப்படங்களின் பெருந்தொகுதி ஒன்று 1993இல் ரெடிங் நகரை அடுத்த கேவர்ஷமில் உள்ள பிபிசி எழுத்தாவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

இவற்றுள் நம் மனத்தைப் பிடித்துக்கொண்டது 'மார்கோ போலோ' என்னும் 1964ஆம் ஆண்டுக் கதை. ஜான் லூக்கரோட்டி எழுதியது, ஏழு பகுதிகள். பலநாடுகளுக்கு விற்கப்பட்டும் ஒரு பகுதியின் படமும் மிஞ்சவில்லை என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். தொடரின் முதற்கதையை இயக்கியவரும் அவரே. குரா எடுத்த 'மார்கோ போலோ' படங்களை அவர் தம்மிடம் வைத்திருந்தார். ஆனால் ஆறு பகுதிகளின் படங்களே அவரிடம் இருந்தன. நான்காம் பகுதியை இயக்கியவர் ஜான் கிராக்கெட். பிறர் இயக்கிய பகுதிக்கு இவர் எதற்குப் படம் வாங்கப்போகிறார்? ஒரு மனிதரின் சொந்த அலமாரி ஒரு வரலாற்றைக் காப்பாற்றுகிறது. அந்த அலமாரியின் எல்லையே வரலாற்றின் எல்லையாகவும் ஆகிவிடுகிறது.

இதைவிட வேடிக்கை ஆஸ்திரேலியாவில் நடந்தது. குழந்தைகளுக்கு ஆகாது என்று அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் சில நொடிகளை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய துண்டுகள் அரசாங்கக் கோப்போடு பத்திரமாக இருந்து, 1996இல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. தகாது என்று தள்ளியது நின்றது. தகும் என்று விட்டது அழிந்தது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியைப் பற்றி நாம் அறிவதில் கணிசமான பகுதி அதை மறுக்க எழுந்த நீலகேசியின் வழியே வந்தது என்பது வாசகர்களுக்கு நினைவு வரலாம்.

தொலைந்தவை சில திரும்பியும் வந்தன. 1967இல் ஒளிபரப்பான 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' ஹாங்காங்கிலிருந்து மீண்டது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் பிலிப் மோரிஸ் கண்டெடுத்த ஒன்பது பகுதிகள் அறிவிக்கப்பட்டபோது, காணாதவற்றின் எண்ணிக்கை 106இலிருந்து 97 ஆகக் குறைந்தது. இந்த மீட்புகள் விமர்சகர்களுக்கு ஒரு பாடம் வைத்திருந்தன. ஜோஸில் கிடைத்த 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' ஆறு பகுதிக் கதை. அதுவரை அதில் மூன்றாம் பகுதி மட்டுமே இருந்தது. அதை வைத்துக்கொண்டு 'சுமாரான கதை' என்று தீர்ப்பெழுதிப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. முழுவதும் வந்து, நாயகனாகவும் கொடுங்கோலனாகவும் இருவேடத்தில் பேட்ரிக் டிரவுட்டன் நடித்ததைப் பார்த்ததும் மதிப்பீடு தலைகீழானது. 'சைபர்மென்' கதைக்கு நேர்ந்தது மறுபுறம். காணாமற் போயிருந்தவரை அது பெருங்காவியம். வந்து சேர்ந்ததும், நல்ல கதைதான், ஆனால் நாம் நினைத்த அளவுக்கு இல்லையே என்று சிலர் முனகினார்கள். கிடைக்காத நூலைப் புகழ்வதில் உள்ள வசதியை நம் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதுவரை சொன்னது தொலைந்தவற்றின் கதை. இனி, எடுக்கப்படாதவை. நம் கருத்து வேறுபாடு இங்கேதான்.

தொடரின் முதற்கதையை எழுதிய ஆந்தனி கோபர்ன் இரண்டாம் கதையாக 'தி மாஸ்டர்ஸ் ஆஃப் லக்ஸர்' என்பதையும் எழுதினார். அது கைவிடப்பட்டது. அந்த இடத்தில் டெர்ரி நேஷன் எழுதிய தாலெக்குகளின் கதை 1963 டிசம்பரில் வந்தது. அதுவே தொடரை நிலைநிறுத்தியது. கோபர்னின் எழுத்துப்படி 1992இல் நூலாயிற்று. மோரிஸ் ஃபார்ஹி அலெக்சாந்தரின் இறுதி நாட்களை வைத்து எழுதி, 1964இல் ஏற்கப்படாமற்போன 'ஃபேர்வெல் கிரேட் மாசிடோன்' 2009இல் அச்சேறியது. இவற்றைப் படிக்கும்போது தொடர் வேறு எந்த வழியில் போயிருக்கக்கூடும் என்பது தெரிகிறது. அந்த அளவில் இவை அரிய ஆவணங்கள்.

ஆனால் ஆவணம் என்ற அளவோடு விடுவதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை. டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'ஷாடா'வைப் பாருங்கள். 1979இல் கேம்பிரிட்ஜ் தெருக்களில் படமாக்கினார்கள். நிலையக் காட்சிகளில் ஒரு பகுதியும் முடிந்தது. பிபிசியில் வேலைநிறுத்தம் வந்து மற்றவை நின்றன. ஆடம்ஸ் அதன் கருவையும் பேராசிரியர் குரோனாட்டிஸ் என்ற பாத்திரத்தையும் எடுத்து 1987இல் தம் 'டர்க் ஜென்ட்லி' நாவலில் வைத்துக்கொண்டார். 1992இல் ஒரு வீடியோ வந்தது. எடுத்த காட்சிகள் அப்படியே இருக்கும். எடுக்காத இடங்களில் நடிகர் டாம் பேக்கர் தோன்றி, இங்கே இன்னது நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு 2003இல் வேறொரு நடிகரின் குரலில் ஓர் அசைபடம், 2012இல் கேரத் ராபர்ட்ஸ் எழுதிய நாவல், 2017இல் பழைய காட்சிகளோடு அசைபடத்தை இணைத்து நிறைவுசெய்த வடிவம். கடைசியாகச் சொன்னதன் இறுதிக் காட்சியில் முதுமையடைந்த டாம் பேக்கரே பழைய உடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

2017இன் வடிவம் பார்க்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஆய்வு மாணவருக்கு நாம் கொடுப்பது 1992இன் வீடியோவாகத்தான் இருக்கும். தொலைந்த பகுதி ஒருநாள் உண்மையில் ஒளிபரப்பானது, ஊரே பார்த்தது. அதை மீட்டுருவாக்கும் ஒருவர் தவறு செய்தால், நாளை ஏதோ ஒரு நாட்டில் ஒரு படச்சுருள் கிடைத்து அவரைத் திருத்தும். எடுக்கப்படாததற்கு அப்படி ஒரு சுருள் எங்கும் கிடையாது. அதை நிறைவுசெய்பவரைத் திருத்த எவராலும் இயலாது. எனவே அவர் செய்வது புதுப்படைப்பு. அதைப் புதுப்படைப்பு என்று சொல்லியே தரவேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் 'இழந்த பொக்கிஷங்கள்' என்று பெயரிட்டு வைப்பதை நாம் ஒப்பவில்லை. ரசிகர்கள் இதற்குக் கோபிப்பார்கள். ரசிகர்களின் அன்பில்லாமல் இவற்றில் பாதிகூட மிஞ்சியிராது என்பதும் உண்மைதான்.

அழிவின் வகைகளும் முடிந்தபாடில்லை. தொடரின் பழைய பகுதிகளையெல்லாம் பிபிசி 2023இல் தன் ஐபிளேயரில் தொகுத்து வைத்தபோது முதற்கதையின் நான்கு பகுதிகளை அதில் சேர்க்க முடியவில்லை. அவை அழிந்தவை அல்ல, நல்ல நிலையில் உள்ளவை. எழுத்தாளரின் வாரிசுத் தரப்போடு உரிமை உடன்பாடு ஏற்படவில்லை, அவ்வளவே.

'மார்கோ போலோ'வின் ஒலியோடு வாரிஸ் ஹுசைன் காத்த படங்களை வரிசையாகக் கோத்துப் பார்க்கும் வசதி இப்போது இருக்கிறது. நான்காம் பகுதிக்கு வரும்போது, மற்றப் பகுதிகளின் படங்களை எடுத்துப் பொருத்தி இட்டு நிரப்புகிறார்கள். நம்மிடம் கேட்டிருந்தால், அந்த இருபத்துச் சொச்சம் நிமிடங்களுக்குத் திரையைக் கறுப்பாகவே விட்டு, ஒலியை மட்டும் ஓடவிடச் சொல்லியிருப்போம்.