கைப்பிடிக்குள் மறையும் உழைப்பு



கத்தி என்றதும் அதன் கூர்மையைத்தான் நாம் பேசுகிறோம். கண்டிப் பிரதேசத்தில் கைப்பிடிக்கும் பெரும் மதிப்பு இருந்தது. மன்னர் காலத்தில் இங்கு செய்யப்பட்ட ‘பிஹாகெத்த’ என்னும் கத்தி இதற்குச் சான்றாகும். எருமைக் கொம்பு அல்லது யானைத் தந்தத்தால் பிடி அமைத்து, வெள்ளியும் பித்தளையும் பதித்து அழகுபடுத்துவர். இவற்றுள் மிகச் சிறந்தவை, அரசனுக்கென்றே பணியாற்றிய ‘பட்டல் ஹதர’ எனும் நான்கு பட்டறைகளில் உருவானவை.

நமது நகமும் முடியும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டின்தான் கொம்பிலும் இருக்கிறது. சூடேற்றினால் அது இளகும், தட்டையாக்கலாம், வளைக்கலாம். ஆறியதும் இறுகிவிடும். பின்னர் நுண்ணிய உளியால் கொடிக்கருக்கு வரைந்து, பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டி, அரத்தால் சமப்படுத்தி மெருகேற்றுவர். அவசரப்பட்டால் கொம்பு வெடித்துவிடும். ஐரோப்பாவில் மடிப்புச் சவரக் கத்திகளின் பிடிகளையும் கொம்பில் செய்து அழகுபடுத்தினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்லுலாயிட் வந்ததும் கொம்பின் இடம் சுருங்கியது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானதும், இக்கைவினைஞர்கள் அரச ஆதரவை இழந்தனர். 1882இல் கண்டி கலைச் சங்கம் தோன்றியது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூல் இக்கலைகளை உலகறியச் செய்தது. அந்நூலுக்காகப் புகைப்படங்கள் எடுத்தவர் அவருடைய அப்போதைய மனைவி எதெல். பின்னாளில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளராக விளங்கியவரும் அவரே. நூலைப் போற்றுவோரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கைப்பணிக் குடும்பங்களிலும் இதே நிலைதான். கணவன் செதுக்குவான், மனைவி தேய்ப்பாள், மெருகேற்றுவாள், துடைத்துப் பொதி செய்வாள். அதற்கிடையில் சோறும் சமைப்பாள். விலை பேசும்போது கொம்பின் விலை, வெள்ளியின் விலை, கணவனின் கூலி எல்லாம் கணக்கில் வரும். அவளுடைய உழைப்பு மட்டும் ‘வீட்டு உதவி’ என்று ஒதுங்கிவிடும். ஒரு பிடிக்குக் கணவன் 4 நாளும் மனைவி 2 நாளும் உழைத்தால், அதன் கூலி 6 நாளுக்குரியது. 4 நாள் கூலிக்கு அதை விற்கும் குடும்பம், இடைத்தரகருக்கு 2 நாள் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறது.

ஆகவே, கைப்பணி செய்யும் சகோதரிகளே, ஒரு கொப்பியில் உங்கள் வேலை நேரத்தையும் எழுதி வையுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையில் பதிவு செய்யும்போது கணவரின் பெயரோடு நிறுத்திவிடாமல், உங்கள் பெயரையும் பதியக் கேளுங்கள். கொம்பை அராவும்போது எழும் தூசு நெஞ்சுக்குக் கெடுதி. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வாங்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. யானைத் தந்தம், ஆமை ஓடு ஆகியவற்றின் வியாபாரம் இன்று சட்டவிரோதமானது. எருமைக் கொம்பில் செய்ததையே கேட்டு வாங்குங்கள். பேரம் பேசுமுன், அதை மெருகேற்றிய கைகளையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.