கம்ப்யூட்டர் இனிஷியல் போடுமா?

மருந்துக் கடைக்கு வரும் ஏஐ பற்றி ரிட்டையர்டு குமாஸ்தா எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். மாதம் ஒன்பது வகை மாத்திரை வாங்குகிறவன் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.

பெரிய சங்கிலிக் கடைகளும் ஆன்லைன் கம்பெனிகளும் ஏற்கெனவே இந்தச் சமாச்சாரத்தில் இறங்கிவிட்டன. இப்போது தெருமுனையில் ஒற்றை ஷட்டர் போட்ட மெடிக்கல் ஷாப்புக்கும் இதை விற்க ஆள் வருகிறார்கள். டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்தால் தானே படித்து பில் போட்டுவிடுமாம். ஒரு மருந்தோடு இன்னொன்று ஆகாது என்றால் எச்சரிக்குமாம். ஸ்டாக் தீரும் முன்பே ஆர்டர் போடுமாம். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கேட்கும் சந்தேகத்துக்குப் பதிலும் சொல்லுமாம். "தப்பு நடந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "கவலைப்படாதீங்க சார், கடைசி முடிவு பார்மசிஸ்ட் கையிலதான்."

எனக்குச் சண்டை இந்த வாக்கியத்தோடுதான். கடையில் பார்மசிஸ்ட் இருக்கிறார் என்று அது வைத்துக்கொள்கிறது. எத்தனை கடையில் இருக்கிறார்?

1948-ஆம் வருடத்துப் பார்மசி சட்டம், 42-ஆம் பிரிவு: டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவு பெற்ற பார்மசிஸ்டைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. நடப்பது ஊருக்கே தெரியும். சுவரில் கண்ணாடி போட்ட சர்டிபிகேட் தொங்கும். அதில் இருக்கும் ஆள் வேறு வேலையில் இருப்பார். மாதா மாதம் அவருக்கு ஒரு தொகை போகும். கவுண்டரில் நிற்பது பன்னிரண்டாவது படித்த ஒரு தம்பி. அந்தத் தம்பிகளை நான் குறை சொல்லவில்லை, எந்த அட்டை எந்த டிராயரில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார்கள். காலை முதல் இரவு பத்து மணி வரை தானே நின்று சீட்டுப் பார்க்கும் பார்மசிஸ்ட் முதலாளிகளும் புதுச்சேரியில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல.

அரசாங்க ஆபீசில் ஒரு கோப்பு எப்படி நகரும் என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழ்நிலை எழுத்தர் குறிப்பு எழுதி வைப்பான். கண்காணிப்பாளர் படித்து ஓரத்தில் இனிஷியல் போடுவார். அதற்கு மேலே அதிகாரி கையெழுத்து. பத்து வருடம் கழித்து ஆடிட்டில் கேள்வி வந்தாலும், "இந்த இனிஷியல் யாருடையது?" என்று ஒருவனைத் தேடிப் பிடித்துவிடலாம். ஏஐ குறிப்பு எழுதி வைக்கட்டும், அழகாகவே எழுதும். இனிஷியல் போட வேண்டியவர் சுவரில் படமாகத் தொங்கினால் கோப்பு எங்கே போகும்?

இயந்திரத்துக்கு ஏற்ற வேலைகள் கடையில் நிறைய இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் அட்டையில் க்யூ ஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் வந்துவிடும். காலாவதி ஆகப்போகும் சரக்கைப் பிரித்துத் தர இதைவிட நல்ல உதவி வேண்டாம். இன்சுலின் வைத்திருக்கும் பிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று இரவில் மின்சாரம் போகும்போதும் அது கவனிக்கட்டும். எச்1 பட்டியல் மருந்துகளை யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதை ஒழுங்காக எழுதித் தரட்டும். (பத்து மாத்திரை அட்டையைக் கத்திரித்து நாலு மட்டும் கொடுக்கும்போது, எக்ஸ்பயரி அச்சடித்த முனை கடையிலேயே தங்கிவிடுகிறதே, அதற்கு ஏஐ வேண்டாம். கத்திரிக்கோலைப் பிடிக்கிறவர் மனசு வைத்தால் போதும்.)

சீட்டைப் படிப்பது இந்த ரகம் அல்ல. டாக்டர் கையெழுத்தைப் படிக்கும் ஏஐ-யைத் தயாரிக்கிறோம் என்று கூகுள் 2022 டிசம்பரில் இந்தியாவில் அறிவித்தது. அவர்களே அதை உதவிக் கருவி என்றுதான் சொன்னார்கள். இந்தக் கருவி கிறுக்கலைப் பார்த்து, எதுவாக இருக்க அதிக வாய்ப்பு என்று ஊகிக்கிறது. அதிகம் எழுதப்படும் மருந்து என்றால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அபூர்வமாக எழுதப்படும் மருந்தில்தான் ஆபத்து. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு; தினமும் விற்கும். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. எப்போதாவது ஒரு சீட்டு வரும். கிறுக்கலில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பழக்கமான பெயரின் பக்கம் சாய்வது இந்தக் கருவிகளின் சுபாவம். மனுஷனும் சாய்வான். ஆனால் மனுஷன் சீட்டு நீட்டியவரைப் பார்த்து "உங்களுக்கு பிரஷரா, அரிப்பா?" என்று கேட்பான்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுக்காரன் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டான், கமா வைப்பான். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு இது இரண்டாம் தாய்மொழி மாதிரி. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. பிரான்ஸில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு சொல்தா வீட்டு அம்மா, பக்கத்துத் தெருக்காரர், அங்கே எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, எப்ப சாப்பிடணும்னு போட்டிருக்கான், படிச்சுச் சொல்லுங்க." படித்தேன். தைராய்டு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில், 12,5 மைக்ரோகிராம். அதாவது பன்னிரண்டரை. வயதானவர், இருதயத்திலும் கோளாறு இருக்கிறது, அதனால் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார்கள். மருந்தை வாங்கிவிட்டேன் என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் 125 என்று இருந்தது.

பத்து மடங்கு. 125 என்பது நம் கடைகளில் நிஜமாகவே விற்கும் அளவு. அதனால் கம்ப்யூட்டருக்கும் சந்தேகம் வரவில்லை, டிராயருக்கும் வரவில்லை. நல்லவேளை, அவர் இன்னும் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி மரியாதையாக மாற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் போட்டோதான் சார் எடுத்தேன், கம்ப்யூட்டர்தான் அப்படி எடுத்துச்சு."

அவர் சொன்னது உண்மைதான். எனக்குத் தூக்கம் கெட்டதும் அந்த உண்மையால்தான். முன்பு கை தவறினால் கொடுத்தவர் முகம் சுருங்கும், அடுத்த சீட்டை இரண்டு தடவை பார்ப்பார். இப்போது பழி போய் உட்கார ஒரு பெட்டி கிடைத்துவிட்டது.

எச்சரிக்கை மணி அடிக்குமே என்பார்கள். நல்ல விஷயம்தான். இருதய வால்வு மாற்றிக்கொண்டு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதிவிட்டால், ரத்தக்கசிவு அபாயம் கூடும்; மணி அடிக்க வேண்டிய இடம் அது. ஆனால் வால்வு மாத்திரையை அவர் வேறு கடையில் வாங்கியிருந்தால் இந்தக் கடையின் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்த இடத்திலும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடித்தால் காது பழகிப்போகும். மருந்து எழுதும் கம்ப்யூட்டர் திட்டங்களின் எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006-இல் ஒரு ஆய்வுத் தொகுப்பு சொன்னது. படித்த டாக்டரே அப்படி என்றால், மாலை ஏழு மணிக்கு எதிரில் எட்டுப் பேர் நிற்கும்போது அந்தத் தம்பி என்ன செய்வார்? ஓகே அழுத்துவார்.

அடுத்தது "மாற்று" பொத்தான். கேட்ட பிராண்டு இல்லையென்றால் அதே மருந்தின் வேறு பிராண்டைத் திரை காட்டும். எந்த வரிசையில்? மலிவானது முதலிலா, கடைக்கு லாபம் அதிகம் தருவது முதலிலா? இதை எழுத்தில் தராத கம்பெனியிடம் எந்தக் கடைக்காரரும் வாங்கக் கூடாது. எச், எக்ஸ் பட்டியல் மருந்துகளில் டாக்டர் எழுதியதற்குப் பதிலாக, அதே சரக்கு அடங்கிய வேறொன்றைக்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறது மருந்து விதிகளின் 65-ஆம் விதி. பிரான்ஸில் 1999 முதல் மாற்றிக் கொடுக்கும் உரிமை பார்மசிஸ்டுக்கு உண்டு. ஆனால் அங்கே கடை முதலாளியே பார்மசிஸ்டாக இருக்க வேண்டும், சங்கிலிக் கடைக்கே இடமில்லை. கிழவன் பிரான்ஸ் பெருமை பேச ஆரம்பித்துவிட்டான் என்பீர்கள். இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். 2007-இல் அங்கே நோயாளியின் மருந்துக் கணக்குக்கு ஒரு பொதுப் பதிவேடு கொண்டுவந்தார்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் அடுத்த கடைப் பார்மசிஸ்ட் பார்க்கலாம். நான் சொன்ன வால்வு நோயாளிக்கு அதுதான் தேவை. அதை நடத்துவது பார்மசிஸ்டுகளின் தேசிய அமைப்பு, மென்பொருள் விற்கிற கம்பெனி அல்ல. இங்கே நாம் யார் வீட்டில் யாருக்கு மனநல மாத்திரை, யாருக்குக் காசநோய் என்ற கணக்கை மாதச் சந்தாவோடு சேர்த்து யாரோ ஒருவரின் சர்வருக்கு ஏற்றிக் கொடுக்கப் போகிறோம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கவுண்டரில் யாராவது உங்களிடம் சம்மதம் கேட்டார்களா? போன் நம்பர் மட்டும் கேட்கிறார்கள்.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குச் சில்லறைக் கடையின் லாபம் 16 சதவீதம் என்று 2013 ஆணை வைத்திருக்கிறது. ஆன்லைன்காரர்கள் அதைவிட அதிகமாகத் தள்ளுபடி விளம்பரம் செய்கிறார்கள். வாடகை, கரண்டு, தம்பி சம்பளம் போக, பார்மசிஸ்டுக்கு முழுச் சம்பளம் எங்கிருந்து வரும்? 2018 செப்டம்பர் 28 அன்று ஆன்லைன் மருந்து விற்பனையை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைத்தார்கள். நேரில் சீட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுப்பது நாங்கள்தான் என்பது அப்போது அவர்கள் சொன்ன வாதம். நானும் அதை நம்பித்தான் பத்து ரூபாய் கூடக் கொடுத்து இன்னும் தெருக் கடையிலேயே வாங்குகிறேன். அந்த வாதத்தைச் சொன்னவர்கள், சீட்டைப் பார்ப்பதை ஒரு கேமராவிடம் கொடுத்துவிட்டு ஆளைப் பார்க்காமல் பில் போட்டால், ஆன்லைன் கம்பெனிக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் மிச்சம்?

ஆகவே கடைக்காரர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டுப் படிக்கும் ஏஐ-யை வாங்கும் முன் ஸ்டூலில் பார்மசிஸ்டை உட்கார வையுங்கள். ஒரு கடைக்குத் தாங்காது என்றால் நேரத்தைக் குறையுங்கள். அவர் இல்லாத நேரத்தில் சீட்டு மருந்து கிடையாது என்று போர்டு மாட்டுங்கள். மக்கள் திட்டுவார்கள், பிறகு பழகிவிடுவார்கள். அவர் உட்கார்ந்த பிறகு எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் பக்கத்தில் வையுங்கள்.

வாங்குகிற நமக்கும் வேலை இருக்கிறது. உங்கள் மருந்து பில்லின் கீழே பாருங்கள், பார்மசிஸ்ட் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். என்னிடம் உள்ள பில்களில் பெரும்பாலும் அது காலி. இந்த மாதத்திலிருந்து நான் அப்படிப்பட்ட பில்லைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறேன். முதல் கடையில், "பார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்காரு சார், சாயங்காலம் வாங்க" என்றார்கள். சாயங்காலம் போனேன். அப்போதும் சாப்பிட்டு முடிக்கவில்லை. நாளைக்கும் போவதாக இருக்கிறேன்.