இரண்டு கட்டச் சொல்லுக்கும் இடம் வேண்டும்

பாகூர் கொம்யூனில் உள்ள சோரியாங்குப்பத்தைக் குறுக்கெழுத்துப் புதிரின் முதல் வரிசையில் போட்டுப் பார்க்கலாம். எட்டுக் கட்டம் பிடிக்கும். 1, 3, 5, 7-இல் சோ, யா, கு, ப. அவற்றிலிருந்து சோளம், யானை, குளம், படகு என்று தாராளமாகக் கீழே இறங்கலாம். 4, 6, 8-இல் நிற்பவை ங், ப், ம். புள்ளி எழுத்து தமிழ்ச் சொல்லின் தலையில் வராது. அந்த வழி அடைப்பு.

இத்தகைய இடுக்குகளில் கைகொடுப்பவை குட்டிச் சொற்கள்தான். ஆங்கிலப் புதிர்களில் மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல்லைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதை இங்கே அப்படியே பிடித்துத் தொங்குவது வீண் வீம்பு. ஏரிக்கு அங்கே நான்கு கட்டம், தமிழில் இரண்டே. நெல், மீன், ஆறு எல்லாம் அப்படித்தான்.

அதற்காக நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களையும் அள்ளிக் கொட்டலாமா? கூடாது. இரண்டு கட்டச் சொல்லிலும் ஓரெழுத்தாவது குறுக்கே போகும் சொல்லிலிருந்து கிடைக்க வேண்டும். குறிப்பும் சப்பென்று இருக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களில் குறிப்பே பாதி விளையாட்டு. 'நதி' என்று மட்டும் கேட்பது சோம்பேறித்தனம். 'தென்பெண்ணையும் இதுதான், அரை டஜனும் இதுதான்' என்றால் 'ஆறு' என்று நிரப்புகிறவருக்குச் சின்னச் சிரிப்பாவது வரும்.