சீனர் அங்காடியில் தமிழர் பெயர்

கடல் கடந்து விற்ற தமிழன், சென்ற இடங்களில் தன் எழுத்தையும் நட்டு வந்தான். சீனத்துச் சுவான்சௌத் துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டு தமிழர் எடுப்பித்த சிவன் கோயிலின் கல்வெட்டு தமிழில் உள்ளது. இறுதி வரி மட்டுமே சீன எழுத்து. 1409ஆம் ஆண்டு நாளிட்டுச் சீனக் கடற்படைத் தலைவன் செங்கே, ஈழத்தின் காலித் துறைக்குக் கொணர்ந்த கல்லோ சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியிலும் பேசுகின்றது. தென்கடலுக்கு வந்த சீனனுக்கு அன்று தமிழ் வேண்டியிருந்தது!

இன்றைய நிலை என்ன? 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய அனகாபுத்தூரைப் பாருங்கள். அவ்வூர்த் தறிகளில் நெய்த கட்டம்போட்ட துணி, ஆப்பிரிக்காவின் நைசீரியாவுக்குக் கப்பலேறியது. அதற்கு வழங்கிய பெயர் 'மெட்ராசு கைக்குட்டை'. நெய்தவன் யார், எவ்வூரான் என்பதைத் தரகன் அறிவான், உடுத்தியவள் அறியாள். 1970களில் நைசீரியா இறக்குமதியைத் தடுத்ததும் தறிகள் ஓய்ந்தன. வேறு வாங்குவோரைத் தேடிச் செல்ல நெசவாளனுக்கென்று ஒரு பெயர்கூட இல்லை. எஞ்சியோர் வாழைநாரில் சேலை நெய்து மீண்டெழுந்தது அவர்தம் கைத்திறத்தால். எவர் தயவாலும் அன்று. நாகல்கேணித் தோலின் கதையும் வேறன்று. பதனிட்ட கழிவு நம் நிலத்தடி நீருக்கு. செருப்பின்மேல் பொறிக்கும் பெயரோ அயலானுக்கு.

இப்போது தரகனின்றி விற்கவும் வழியுண்டு. சீனக் குடிமகன் அயல்நாட்டுக் கடையிலிருந்து கைப்பேசி வழியே நேரே வாங்கலாம். அவன் அரசின் பட்டியலில் அடங்கிய பொருளாயின், ஒரு முறைக்கு 5,000 யுவானும் ஆண்டுக்கு 26,000 யுவானும் வரை சுங்கவரி இல்லை; 2019 முதல் இதுவே அங்குள்ள அளவு. ஆனால் அவ்வங்காடியில் விற்பவன் பெயரே முதல். சீனச் சட்டப்படி வணிகக் குறியை முந்திப் பதிந்தவனே உரியவன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் சோர்டன் பட்டபாடு உலகறிந்தது. அவர் பெயரின் சீன வடிவமான 'சியாவ்தன்' என்பதைச் சீன நிறுவனம் ஒன்று பதிந்துகொண்டது. 2012இல் வழக்காடப் புகுந்தவர், சீன எழுத்தில் அமைந்த அப்பெயர்க்கு உரிமை பெற்றது 2016 இறுதியில். அதுவும் முழுமையாக இல்லை. உரோமன் எழுத்து வடிவம் அந்நிறுவனத்திடமே நின்றது. உலகப்புகழ் பெற்றவர்க்கே இக்கதி என்றால், அனகாபுத்தூர் நெசவாளி எம்மாத்திரம்?

தில்லியின் போக்கோ விந்தையிலும் விந்தை. 2020 சூனில் கல்வான் மோதலில் இருபது வீரர் மாண்டபின் 59 செயலிகளைத் தடுத்தது. சீனர் அன்றாடம் பேசவும் வாங்கவும் விற்கவும் பயன்படுத்தும் வீசாட்டு அவற்றுள் ஒன்று. நவம்பரில் மேலும் 43 செயலிகள். அவற்றுள் அலிபாபாவில் விற்போர் கையாளும் செயலியும் அடக்கம். சினம் இயல்பே. ஆயின் வாங்குவது நின்றதா? 2023-24இல் சீனத்திலிருந்து இந்தியா இறக்கிய சரக்கு 10,000 கோடி டாலரைக் கடந்தது. விற்றது 1,700 கோடியைக்கூட எட்டவில்லை. வாங்கும் வாயில் அகலத் திறந்திருக்க, விற்கும் பலகணிக்குப் பூட்டு!

மொழிக்கும் பூட்டே. 2019இல் வெளியான கல்விக் கொள்கை வரைவில் பள்ளியில் கற்கத்தக்க அயல்மொழிகளுள் சீனமும் இருந்தது. 2020இன் இறுதி வடிவில் அதைக் காணோம். இந்தியைத் திணிக்கத் துடிக்கும் தில்லி, வாங்குவோன் மொழியைக் கற்க ஏன் அஞ்சுகின்றது? ஆங்கிலம் போதுமே என்பார் சிலர். தாம்பரம் கடைத்தெருவில் தமிழ்ப் பலகையைத் தேடிக் கண் நோகும் நமக்கு அப்படித்தான் தோன்றும். சீனன் தன் இணையக் கடையைத் தன் எழுத்திலேயே நடத்துகின்றான். வாங்குவோன் கேட்கும் ஐயத்துக்கும் அம்மொழியிலேயே விடை தரவேண்டும்.

தமிழ்நாட்டரசு தில்லியின் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை. 'அனகாபுத்தூர்' என்னும் பெயரைத் தமிழிலும் சீன எழுத்திலும் நெசவாளர் கூட்டுறவின் பெயரால் சீனத்தில் பதிவு செய்யலாம். அதற்குரிய கட்டணத்தை ஏற்கலாம். தென்சென்னைப் புறநகரின் கல்லூரி ஒன்றிலேனும் மாலை நேரச் சீன வகுப்பைத் தொடங்கலாம். எவனோ ஒருவன் அப்பெயரை அங்கே முந்திப் பதியுமுன் இவை நடந்தாக வேண்டும்.