கிறிஸ்மஸ் தாத்தா, எனக்கு ஒரு கதை வேணும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயைப் போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க. பொன்னியின் செல்வன், மாதொருபாகன் ரெண்டையும் இன்னும் படிக்காதவங்க ஜாக்கிரதையா படிங்க, முடிவைப் பத்தியெல்லாம் பேசப்போறேன்.

பொட்டி தட்டற எல்லா ஆபீஸ்லயும் டிசம்பர் வந்தா ஒரு சடங்கு உண்டு. பேரை எழுதி சீட்டு குலுக்கிப் போடுவாங்க, உங்களுக்கு வந்த பேருக்கு யாருக்கும் தெரியாம ஒரு பரிசு வாங்கி வைக்கணும். பட்ஜெட் முந்நூறு ரூபா. எனக்கு மூணு வருசமா காபி மக்கு வருது. ஆக வீட்ல இப்ப மக்கு நாலு, என்னையும் சேத்தி. :-)

இதே சீட்டுக் குலுக்கலைக் கதையை வெச்சு ஒரு கூட்டம் நடத்திட்டிருக்கு. யூல்டைடுன்னு பேரு, 2003ல ஆரம்பிச்சாங்க. ஏதோ ஒரு நாவல், படம், பழைய புராணம், இதுல எனக்குப் பிடிச்ச பாத்திரம் இவர், இவருக்கு அப்புறம் என்னாச்சுன்னு ஒரு கதை வேணும்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். பதிலுக்கு முகந்தெரியாத இன்னொருத்தர் கேட்ட கதையை நீங்க எழுதித் தரணும். குறைஞ்சது 1000 வார்த்தை. டிசம்பர் 25 அன்னிக்குக் கதைகள் எல்லாம் திறக்கும், ஆனா எழுதினவர் பேரு தெரியாது. ஜனவரி 1ந் தேதிதான் யார் எழுதினதுன்னு வெளியாகும். அந்த ஒரு வாரம் யாரா இருக்கும்னு மண்டையைப் பிச்சுக்கறதுதான் பாதி சந்தோசம். எழுதறேன்னுட்டு யாராவது எஸ்கேப் ஆனா, கடைசி நேரத்துல வேற ஒருத்தர் எடுத்து எழுதுவார். யாரும் வெறுங்கையோட போகக்கூடாதாம். இன்னொண்ணு, ஏற்கெனவே ஆயிரக்கணக்குல கதை குவிஞ்சு கிடக்கிற ஹாரி பாட்டர் மாதிரி சமாச்சாரத்துக்கு அங்க அனுமதி இல்ல. யாரும் அதிகமா எழுதாத சின்ன உலகங்களுக்கு மட்டும்தான்.

இதை என் நண்பர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். பயங்கரமா இலக்கியம் படிக்கிறவர். "சொந்தமா ஒரு கதை யோசிக்கத் துப்பில்லாதவன் பண்ற வேலைங்க அது. அடுத்தவன் தோட்டத்துல போயி தேங்கா பறிக்கறது"ன்னுட்டார்.

அன்னிக்கு வாயை மூடிட்டு வந்துட்டேன். வழக்கம்போல மதுக்கரை பஸ்ல ஏறினப்புறம்தான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஞாபகத்துக்கு வந்துச்சு. அண்ணா, நம்மூர்ல தேங்கா பறிக்காத புலவர் யாருங்ணா?

கம்பரையே எடுத்துக்கங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே ராமரும் சீதையும் மிதிலை வீதியில ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கற சீன் வால்மீகியில கிடையாது. இரணியன் வதைப் படலமும் அங்க இல்ல. ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கினான்னு எழுத மனசு வராம, நின்ன நிலத்தோட பேத்து எடுத்துட்டுப் போனான்னு மாத்தினாரு பாருங்க, அதுக்குப் பேரு என்ன? மூலக்கதையில ஒரு இடம் ரசிகனுக்குப் பொறுக்கல, மாத்திட்டான். அவ்ளோதான்.

ஆனா என்னோட முதல் சிபாரிசு கம்பர் இல்ல, மணிமேகலை. ஏன்னு சொல்றேன். சிலப்பதிகாரத்துல மணிமேகலை யாரு? கோவலன் மாதவி பொண்ணு. பேரு வெச்ச கதை ஒரு இடத்துல வரும், கடைசிப் பக்கம் அவ துறவு போன சேதி வரும். மத்தபடி அந்தப் புள்ளைக்குப் பெருசா வேலையில்ல. சாத்தனார் அந்த ஓரத்துல நின்ன புள்ளையைக் கையைப் புடிச்சு நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டார். கதாநாயகன் கதாநாயகி ரெண்டு பேரும் செத்துப்போன பின்னாடி, அம்மா வேற உலகத்தை வெறுத்து உக்காந்த பின்னாடி, இந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? கையில அமுதசுரபியை வெச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் சோறு போடுறா. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமா மாத்துறா. யூல்டைடுல தலைசிறந்த கதைகள் எல்லாம் இப்படி ஓரத்துல நிக்கிற ஆளைப் பத்தித்தான் இருக்கும். (கடைசியில வர்ற தர்க்க பாடம் எனக்கு செமஸ்டர் பரீட்சையை ஞாபகப்படுத்துது. அதைத் தாண்டிக் குதிச்சுப் போயிட்டேன், தமிழறிஞர்கள் மன்னிக்கவும்.)

இதுல இன்னொரு விசேஷம் இருக்கு. சிலம்போட பதிகத்துல என்ன சொல்றாங்கன்னா, கண்ணகி கதையை இளங்கோவுக்கு விவரமா எடுத்துச் சொல்றதே சாத்தனார்தான். மூணு வேந்தருக்கும் பொதுவான கதை, அதனால அடிகளே நீங்களே எழுதுங்கன்னு விட்டுக் கொடுக்கறார். இவர் எழுதினதை அவர் கேட்டார். மணிமேகலைப் பதிகத்துக்குப் போனா, அவர் எழுதினதை இவர் கேட்டார். பதிகமெல்லாம் பின்னாடி யாரோ சேத்ததுன்னு சொல்ற அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். யாரோ பின்னாடி உக்காந்து, இந்த ரெண்டு புஸ்தகமும் ரெண்டு சேக்காளிங்க மாத்தி மாத்திக் கொடுத்துக்கிட்ட பரிசுன்னு நினைச்சிருக்கான் பாருங்க, எனக்கு அவனைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. கண்ணகிக்கு கொங்கிளங்கோசர் தங்க நாட்டுல விழா எடுத்ததா சிலம்புலயே ஒரு குறிப்பு வரும். நம்மூர்க்காரங்க அப்பவே ஃபேன் கிளப்பு வெச்சிருக்காங்க!

அடுத்தது அல்லி அரசாணி மாலை. புகழேந்திப் புலவர் பேர்ல வழங்குறது, பெரிய எழுத்துப் புஸ்தகமா சந்தையில வித்தது. மதுரையை ஆளுற அல்லி ராணி, அவகிட்ட மாட்டிக்கிட்டு அர்ச்சுனன் படுற பாடு. வியாசருக்கு இது தெரியவே தெரியாது. அர்ச்சுனனை நம்ம ஊருக்கு இழுத்துட்டு வந்து நம்ம பொண்ணுகிட்ட அடங்கி நிக்க வெச்ச அந்தக் குறும்புக்காகவே படிக்கலாம்.

புதுமைப்பித்தன் 1943ல எழுதின சாபவிமோசனத்தை சிபாரிசு பண்றது, மருதமலையில முருகன் இருக்கார்னு சொல்ற மாதிரி. இருந்தாலும் சொல்றேன். சாபம் தீர்ந்து கல்லுல இருந்து எழுந்த அகலிகை அதுக்கப்புறம் எப்படி வாழ்ந்தா? ராமாயணம் அதைப் பத்திக் கவலைப்படல. இவர் பட்டார். வனவாசம் முடிஞ்சு வந்த சீதை, தான் தீயில இறங்கின கதையை அகலிகைகிட்ட சொல்றா. தன்னை மன்னிச்ச ராமனா அப்படிக் கேட்டான்னு அகலிகைக்கு உள்ளுக்குள்ள ஏதோ உடைஞ்சுபோகுது. கடைசியில மறுபடி கல்லாயிடறா. ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கதை பிடிக்காம போகலாம், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்கற தோரணையில தலைப்புக்குக் கீழயே ஒரு எச்சரிக்கை வேற போட்டிருப்பார். இப்ப ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதற பசங்க கதைக்கு மேல போடற எச்சரிக்கை மாதிரியே இருக்கும்.

பொன்னியின் செல்வனுக்கு வந்தா தனிப் பதிவே போடணும். 1950 அக்டோபர்ல இருந்து 1954 மே வரைக்கும் மூணரை வருசம் கல்கி எழுதினார். முடிச்சதும், அவங்க என்ன ஆனாங்க, இவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர்கள் உலுக்கி எடுத்திருக்காங்க. முடிவுரையில உக்காந்து பதில் சொல்லியிருக்கார் பாவம். ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருங்கற கேள்வி மட்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு. உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2ம் வருசம் வெட்டினது, ரவிதாசனையும் அவன் கூட்டத்தையும் துரோகிகள்னு சொல்லி சொத்துப் பறிமுதல் பத்திப் பேசுது. அப்ப உத்தம சோழன் ஆட்சி முழுக்க அவங்களை ஏன் யாரும் தொடல? இப்படி ஒரு ஓட்டை இருந்தா எவனுக்குத்தான் கை பரபரக்காது! விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு அமுதசுரபியில தொடரா எழுதினார். அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். எனக்கு விக்கிரமனை விட அனுஷா வெங்கடேஷ் கிட்டத்துல தெரியறார். கல்கியோட நடையை அவர் விளையாட்டா பழகிட்டு எழுதற மாதிரி இருக்கும், ஒரு வாசகி எழுதறாங்கன்னு வரிக்கு வரி தெரியும். அதைக் குறையா சொல்றவங்க உண்டு. எனக்கு அதுதான் நிறை. 2022, 2023ல மணிரத்னம் படங்கள் வந்தப்புறம் சின்னப் பசங்க வந்தியத்தேவன் குந்தவையை வெச்சு எழுதற கதைகள் இணையத்துல ஏகமா கிடக்கு. பாதி மொக்கை. மீதி பாதியில சிலது, குந்தவை மனசுக்குள்ள கல்கி போகாத தூரம் போகுது.

நிற்க. எல்லாம் ஜாலியா போயிட்டிருக்கு, கதையை மாத்தினா யாரும் அடிக்க வரமாட்டாங்கன்னு நினைச்சுக்காதீங்க. நம்ம கொங்கு நாட்டுலயே நடந்துச்சு. பெருமாள்முருகனோட மாதொருபாகன் 2010ல வந்தது. காளி என்ன ஆனான்னு சொல்லாமயே நிறுத்தியிருப்பார். அப்புறம் அவரே 2014ல ஆலவாயன், அர்த்தநாரின்னு ரெண்டு நாவல் எழுதினார். ஒண்ணுல காளி செத்துட்டான், இன்னொண்ணுல உசுரோட இருக்கான். எது நிஜம்? ரெண்டும்தான். தன் கதைக்குத் தானே ரெண்டு பாதை போட்ட தமிழ் எழுத்தாளர் வேற யாரையும் நான் படிச்சதில்ல. அர்த்தநாரியை விட ஆலவாயன் எனக்கு ஒசத்தி. ஆம்பளை இல்லாத அந்த வீட்டுல பொம்பளைங்க மூணு பேரு காட்டையும் மாட்டையும் பாத்துக்கிட்டு நாளை நகர்த்தற விதம் என் அம்மா ஊரை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டாந்துச்சு. ஆனா அந்த ரெண்டு புஸ்தகமும் வந்த சமயத்துலதான் மாதொருபாகனுக்கு எதிரா திருச்செங்கோட்டுல கலவரம். எங்க ஊர் கதையை நீ எப்படி அப்படி எழுதலாம்னு. 2015 ஜனவரியில எழுத்தாளன் செத்துட்டான்னு அவரே அறிவிச்சார். 2016 ஜூலையில உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொல்லித்தான் மறுபடி எழுத வந்தார்.

கதை யாருக்குச் சொந்தம்ங்கற சண்டை எனக்கு அன்னிக்குத்தான் விளையாட்டில்லன்னு புரிஞ்சுது. என் நண்பர் சொன்ன தேங்கா விசயமும் அதே சண்டையோட சின்ன வடிவம்தான். தோட்டத்துக்காரன்னு ஒருத்தன் இருக்கான்னு ரெண்டு தரப்பும் நம்புது.

இப்ப கொசுவத்தியைச் சுத்திக்கறேன். எங்க அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணமார் கதை தெரியும். பொன்னர், சங்கர், அவங்க தங்கச்சி தங்காள். உடுக்கை அடிச்சுப் பாடறவங்க ராத்திரி ராத்திரியா பாடறதைக் கேட்டுக் கேட்டு வந்த ஞானம். கலைஞர் இதை நாவலா எழுதினார், 2011ல பிரசாந்த் ரெட்டை வேசத்துல படமாவும் வந்துச்சு. (படத்தைப் பத்தி இங்க ஒண்ணும் சொல்றதா இல்ல.) 1960கள்ல காங்கேயம் பக்கத்துல தங்கி ஆய்வு பண்ணின கனடாக்காரம்மா பிரெண்டா பெக் இதை டேப்புல பதிவு பண்ணி, 1982ல புஸ்தகமும் எழுதினார். பாடறவங்களுக்குப் பாடறவங்க கதை மாறும்.

பொதுவா பாடற கதையில அண்ணனுங்க ரெண்டு பேரும் படுகளத்துல விழுந்துடுவாங்க. தங்காள் காடெல்லாம் அழுதுட்டு தேடிப் போயி அவங்களை எழுப்புவா. கொஞ்ச நேரம் பேசிட்டு அவங்க மறுபடி போயிடுவாங்க. அவ்ளோதான். கேட்டுட்டிருக்கற பொம்பளைங்க எல்லாம் அழுவாங்க.

எங்க அமுச்சி அந்த இடத்துல மாத்திருவா. எழுந்த அண்ணனுங்களை தங்காள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, தலைக்குத் தண்ணி ஊத்தி, வாழையிலை போட்டு, சுடச்சுட சோறு போடுவா. பச்சப்பயிறு கடைஞ்சது, நெய்யி, மோரு. மூத்தவன் மறுசோறு கேப்பான். இளையவன் அதுக்குள்ள திண்ணையில படுத்துத் தூங்கிருவான். அப்புறம்தான் போவாங்க. நான் ஒருதடவை, கோயில்ல அப்படிப் பாடலையே அமுச்சின்னு கேட்டேன். "ஏஞ்சாமி, அத்தன தூரம் அழுதுட்டுப் போனவ வெறும்வயித்தோட அனுப்பிருவாளா?"ன்னா.

அமுச்சியோட தம்பி ஒருத்தர் இருபத்திரண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டாராம். காலையில சாப்பிடாம காட்டுக்குப் போனவர். இது எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும், அதுவும் 2019ல அமுச்சி போனப்புறம். அமுச்சி ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்ல. கதையைத்தான் மாத்திச் சொல்லிட்டிருந்திருக்கா.

அந்தக் கதையை நான் ரெக்கார்ட் பண்ணல. கையில ஸ்மார்ட்போன் வெச்சுக்கிட்டே பண்ணல. இப்ப எனக்கு மிச்சம் இருக்கறது பச்சப்பயிறும், மறுசோறும், திண்ணையும்தான். நடுவுல என்ன பேசிக்கிட்டாங்க, தங்காள் என்ன கேட்டா, எல்லாம் போச்சு. எனக்குப் பிடிச்ச ரசிகர் கதை எதுன்னு யாராவது கேட்டா அதைத்தான் சொல்லணும், ஆனா லிங்க் கொடுக்க முடியாது.

அதனால மக்கள்ஸ், ஒரு யோசனை. இந்தப் பொங்கலுக்கு நாமளே சீட்டு குலுக்கிப் போடலாமா? ஆளுக்கொரு கோரிக்கை, ஆளுக்கொரு கதை, 1000 வார்த்தை. போகி அன்னிக்குக் கதையை எல்லாம் திறப்போம், காணும் பொங்கல் அன்னிக்கு எழுதினவங்க பேரைச் சொல்லிக்குவோம். பழைய காப்பியம், தொடர்கதை, தெருக்கூத்து எதுவா இருந்தாலும் சரி. ரஜினி படம் வேண்டாம், அதுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட பேரு இருக்காங்க.

என் கோரிக்கையை இப்பவே எழுதிடறேன்:

முகம் தெரியாத நண்பருக்கு, எனக்கு அண்ணமார் கதையில தங்காள் வேணும். படுகளத்துக்கு அப்புறம், அவ வீட்டுத் திண்ணை. சண்டை, சபதம், கொம்பன் பன்னி எதுவும் வேண்டாம். சோறு போடும்போது அவ என்ன பேசினாங்கறது மட்டும் போதும். பச்சப்பயிறு கண்டிப்பா இருக்கணும். இளையவன் தூங்கிட்டா எழுப்பிடாதீங்க.