காரீயமும் கராஜும் கொஞ்சம் வயித்தெரிச்சலும்

ஈயச் சொம்பு ரசம்னு சொன்னாலே நமக்கெல்லாம் நாக்குல தண்ணி ஊறும். அது வெள்ளீயம். இந்தப் பதிவு காரீயத்தைப் பத்தி. நம்ம பாட்டிகளுக்குத் தெரிஞ்ச இந்த வித்தியாசம் டெக்சாஸ்ல பல பேருக்கு உறைக்கவே மாட்டேங்குதுங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

என் கூட ஆணி புடுங்கற வெள்ளைக்கார நண்பர் ஒருத்தர் .32 ரிவால்வர் வச்சிருக்கார். 1896-ல வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா (நம்ம கான்பூர் அரசு ஆலை ரிவால்வருக்கும் இதே தோட்டாதான்). கடையில விலை ஜாஸ்தி. அதனால சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, புது ப்ரைமர், புது மருந்து, சொந்தமா வார்த்த குண்டுன்னு வீட்டுலயே தோட்டா கட்டறார். குண்டு ஒண்ணு 98 கிரெய்ன், அதாவது 6 கிராம் சொச்சம். ஒரு கிலோவுக்கு 150 குண்டு தேறும். டயர் கடையில பழைய வீல் வெயிட் வாங்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து உருக்கி அச்சுல ஊத்தினா, வெள்ளிக்காசு மாதிரி பளபளன்னு விழும். நானும் நாலு சனிக்கிழமை கூட இருந்து உதவி பண்ணேன். உண்மையைச் சொல்லணும்னா, செம ஜாலி.

அஞ்சாவது சனிக்கிழமைதான் கண்ணு தெறந்துச்சு. பித்தளைக் கூடுகளைத் தேய்ச்சு மெருகேத்தற டம்ளர் மெஷினைத் தெறந்து சல்லடையில சலிச்சார். புகை மாதிரி தூசி. மூணடி தள்ளி வாஷிங் மெஷின். அது மேல அவரோட மூணு வயசுப் பொண்ணு கவுன், மடிச்சு வச்சிருக்கு!

கேட்டா பதில் ரெடியா இருக்கு.

ஒண்ணு: "காரீயம் ஆவியாக 1700 டிகிரிக்கு மேல வேணும், நான் அவ்வளவு சூடு பண்றதில்லை." சரிதான் சாமி, ஒத்துக்கறேன். காரீயம் 327 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், அந்தச் சூட்டுல ஆவி ரொம்பக் கம்மி. ஆனா பிரச்சினை ஆவி இல்லையே! மேல மிதக்கற கசடை வழிச்சுப் போடறீங்களே, அந்தப் பொடி. சுட்ட ப்ரைமர்ல மிச்சமிருக்கற ஈய உப்பு, அந்த டம்ளர் தூசி. கையில, செருப்புல, சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றது அதுதான்.

ரெண்டு: "எங்க தாத்தா 80 வயசு வரைக்கும் வார்த்தார்." தாத்தா பெரியவர். குழந்தை உடம்பு அதே காரீயத்தை 4, 5 மடங்கு அதிகமா உறிஞ்சும். அதுவும் வாயில விரல் வைக்கற வயசு. பாதிக்கிறது மூளையை. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அமெரிக்க சி.டி.சி. குழந்தைகளுக்கு வச்சிருக்கற எச்சரிக்கை அளவு, 2012-ல டெசிலிட்டர் ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராம், 2021-ல 3.5. இறங்கிக்கிட்டேதான் வருது.

மூணு: "காசு மிச்சம்." இதுக்குதான் எனக்குக் கோவமே வந்துச்சு. வார்த்து, மேல பூச்சும் பூசின குண்டு கடையிலயே கிடைக்குது. தோட்டா கட்டற பொழுதுபோக்கு அப்படியே இருக்கும், உருக்கற வேலை மட்டும் மிச்சம். சில டாலர் ஜாஸ்தி. பொண்ணு மூளைக்கு என்ன விலைங்க?

வார்த்தே தீருவேன்னா தனிக் கொட்டகை போடுங்க. அதுக்குன்னு தனி சட்டை, தனி செருப்பு வச்சுக்கோங்க. பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைங்க. சோப்பு போட்டுக் கை கழுவாம பிஸ்கட்டைத் தொடாதீங்க. வருஷா வருஷம் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. குழந்தை இருக்கற வீட்டோட ஒட்டின கராஜ்ல மட்டும் வேண்டவே வேண்டாம்.

ரொம்ப யோக்கியன் மாதிரி பேசறேன்ல? நாலு வாரம் அதே தூசியோட வீட்டுக்கு வந்தவன் நான். தங்கமணிக்கு இப்ப ஆறாவது மாசம். காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைகிட்ட போகும்னு அஞ்சாவது சனிக்கிழமை ராத்திரிதான் படிச்சேன். செருப்பைக் குப்பையில போட்டேன். செவ்வாய்க்கிழமை ரெண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை.

நண்பர் ரெண்டு நாளா என்கிட்ட பேசலை. பரவாயில்லை. ஆனா பொண்ணை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக அவர் வீட்டம்மா தேதி வாங்கிட்டாங்களாம்.

டிஸ்கி: துப்பாக்கி நல்லதா கெட்டதான்னு கும்மி அடிக்க வராதீங்க மக்கா, அது வேற பஞ்சாயத்து :-)