பூர்ணாவோடு ஏறிய ஆனந்த்

2014 மே 25. மாலாவத் பூர்ணா எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவருக்கு வயது 13 ஆண்டு 11 மாதம். அந்தச் சிகரத்தைத் தொட்ட பெண்களிலேயே மிக இளையவர் என்ற உலக சாதனை. இது நம்மில் பலருக்குத் தெரியும். அதே நாளில், அதே குழுவில் சென்று அதே உச்சியைத் தொட்ட சாதனப்பள்ளி ஆனந்த் குமாரை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனந்த், கம்மம் மாவட்டத்து தலித் மாணவர். சைக்கிள் பழுதுபார்ப்பவரின் மகன். பூர்ணா, நிஜாமாபாத் மாவட்டம் பாகாலா கிராமத்தின் லம்பாடிப் பழங்குடிப் பெண். பெற்றோர் விவசாயக் கூலிகள். ஊடகத்துக்குத் தேவை ஒற்றை நாயகர், ஒற்றைச் சாதனை. 2017இல் வந்த இந்திப் படத்தின் பெயரும் 'பூர்ணா'தான். அவர் புகழில் நமக்குக் குறையில்லை. 2022இல் தெனாலியிலும் ஏறி, ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் தொட்டு முடித்தவர் அவர். நம் சண்டை, 'மன உறுதி இருந்தால் ஏழைச் சிறுமியும் எவரெஸ்ட் ஏறலாம்' என்று சொல்லப்படும் கதையோடுதான்.

மன உறுதியுள்ள கூலி வீட்டுப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மலையேற்றப் பயிற்சிக்கு அவர்களை யார் அழைத்துப் போகிறார்கள்? இந்த இருவரையும் அனுப்பியது ஆந்திர அரசின் சமூகநல உறைவிடப் பள்ளிகள். அப்போது அவற்றின் செயலாளராக இருந்தவர் ஆர்.எஸ். பிரவீன்குமார் ஐ.பி.எஸ். புவனகிரிப் பாறையில் தொடக்கப் பயிற்சி, பிறகு டார்ஜிலிங், பிறகு லடாக்கின் குளிர். பயிற்சியாளர் சேகர் பாபு. நேபாளம் 16 வயதுக்குக் கீழே அனுமதிக்காததால் திபெத் பக்கமாக ஏறினார்கள். அந்த ஏப்ரலில்தான் நேபாளப் பக்கம் பனிச்சரிவில் 16 மலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகும் இவர்கள் திரும்பிவிடவில்லை. வகுப்பில் 'சமூக மூலதனம்' என்று படிக்கிறோமே, பணக்கார வீடுகளில் பிறப்போடு வருகிற அதை இங்கே ஓர் அரசுப் பள்ளி கொடுத்தது.

பதின்மூன்று வயதுப் பிள்ளையை மரணம் காத்திருக்கும் உயரத்துக்கு அனுப்பலாமா? நியாயமான கேள்விதான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே வயதுப் பிள்ளைகள் பருத்தி விதை வயல்களில் குனிந்து நின்றபோது இந்தப் பதற்றம் எங்கே போயிருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

உச்சிக்கு அம்பேத்கர் படத்தோடு எஸ்.ஆர். சங்கரன் படமும் போனது. தமிழ்நாட்டில் பிறந்து, ஆந்திரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகக் கொத்தடிமை ஒழிப்புக்கு உழைத்தவர். பத்மபூஷண் விருதை வேண்டாம் என்றவர். இந்த உறைவிடப் பள்ளிகளுக்கு வித்திட்டவர்களில் ஒருவர். எவரெஸ்ட் உச்சிக்குத் தன் படம் போனதைப் பார்க்க அவர் இல்லை, 2010இலேயே இறந்துவிட்டார். நம் ஊர்க்காரரான அவர் பெயரை இங்கே எந்தப் பாடப் புத்தகத்தில் படித்தோம்?

தோழர்களே, ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குப் போகும்போதெல்லாம் சோறு எப்படி, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அடுத்த முறை போகும்போது, விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று காப்பாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.